பச்சை வற்றிய இரவு

சென்னையிலிருந்து கொழும்புக்கு வரும் இரவு விமானம் எங்களுக்கு ஒரு மூச்சில் முடிந்துவிடும் வேலை. மேலே ஏறி நிமிர்ந்து ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். அது மார்கழி மாதம். கச்சேரி சீசனுக்குப் போய்த் திரும்பும் கொழும்புக் குடும்பங்கள், வைத்தியத்துக்குப் போய் வருபவர்கள், சேலைப் பொதிகளோடு அம்மாமார் என்று ஏறக்குறைய முழு விமானம். நான் துணை விமானி. என்னோடு இருந்த கப்டன் கொழும்புத் தமிழர். நான் ஏ320 விமானம் ஓட்டப் பழகிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தவர். விமானத்தை அவர் ஓட்டினார். ரேடியோவும் செக்லிஸ்டும் என் பக்கம்.

மன்னார்ப் பக்கம் கடலுக்கு மேல் வந்துகொண்டிருந்தபோது ஒரு ஒற்றை மணி. நடுத் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி: பச்சை ஹைட்ரோலிக் தொட்டியில் எண்ணெய் மட்டம் குறைவு. கீழ்த் திரையில் ஹைட்ரோலிக் படம் தானாகவே வந்தது. பச்சைத் தொட்டியின் அளவுகோல் அடிக்குக் கிட்ட நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது இன்னும் இறங்கியது.

விமானத்தோடு பழக்கமில்லாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இறக்கைப் பலகைகளை அசைப்பதும், சக்கரத்தை உள்ளே இழுப்பதும், பிரேக் பிடிப்பதும் மனிதக் கையால் முடியாத வேலைகள். 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்தான் அவற்றைச் செய்கிறது. ஏ320 இல் அந்த எண்ணெய் மூன்று தனித்தனி வட்டங்களில் ஓடுகிறது. பெயர் பச்சை, நீலம், மஞ்சள். பச்சைக்கு இடது எஞ்சினில் பம்ப், மஞ்சளுக்கு வலது எஞ்சினில் பம்ப், நீலத்துக்கு மின்சாரப் பம்ப். சாதாரண நேரத்தில் ஒரு வட்டத்தின் எண்ணெய் மற்றதோடு சேராது. ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும். ஆகவே அந்த மணி கேட்ட நேரத்தில் எங்களுக்கு உயிர் ஆபத்து இருக்கவில்லை. ஓட்டோ பைலட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், எங்களில் பலருக்கு அந்த மணி கேட்டவுடன் கை ஓடத் தொடங்கிவிடும். எனக்கும் ஓடியது. தலைக்கு மேலுள்ள பொத்தான் பலகையை நோக்கி என் கை எழுந்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். கப்டன் திரும்பிப் பார்க்காமலே, "வாசியும்" என்றார். கொக்பிட்டில் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும். செக்லிஸ்டுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் மட்டும் அவர் தமிழுக்கு வந்தார். இது அப்படி வந்த ஒரு சொல்.

கையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

திரை முதலில் கேட்டது பி.டி.யூ.வை நிறுத்தச் சொல்லி. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கருவி அது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பம்ப், இரண்டும் ஒரே தண்டில். ஒரு பக்கம் அழுத்தம் மற்றதைவிட 500 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்தால் மற்றப் பக்கத்து அழுத்தம் தண்டைச் சுழற்றி, குறைந்த பக்கத்துக்குக் கைகொடுக்கும். எண்ணெய் கலக்காது, சுழற்சி மட்டுமே கடக்கும். தரையில் நிற்கும்போது கேபினுக்குக் கீழே நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அதுதான் இது. நல்ல ஏற்பாடு, ஆனால் குறைந்த பக்கத்தில் எண்ணெய் இருந்தால் மட்டும். எண்ணெயே இல்லாத வட்டத்துக்கு உதவப் போனால் அது வெறுமையாகச் சுழன்று சூடேறி, நன்றாக இருக்கும் மஞ்சளையும் கெடுத்துவிடும். பச்சை போனபின் பிரேக்குக்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது மஞ்சள் ஒன்றுதான்.

நான் வாசித்து முடிக்கும் தறுவாயில் அழுத்தம் விழுந்தது. காலடியில் குரைப்புக் கேட்டது. இரண்டு தரம், மூன்று தரம். பி.டி.யூ. பொத்தானில் விரலை வைத்து அதன் பெயரைச் சொன்னேன். அவர் மேலே பார்த்து, என் விரல் எதில் இருக்கிறது என்று கண்டு, "சரி" என்றார். அமுக்கினேன். குரைப்பு நின்றது. பிறகு இடது எஞ்சினின் பச்சைப் பம்பை அதே மாதிரி நிறுத்தினேன். ஒன்றைச் செய்ய இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்ற பழக்கம் இந்த இடத்துக்காகத்தான் இருக்கிறது. பச்சைப் பம்பை நிறுத்தப் போய் அருகில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டால், ஒரு சிறு பிரச்சினையை நாங்களே பெரிதாக்கியவர்கள் ஆவோம்.

அதற்குப் பிறகு, இனி எது வேலை செய்யாது என்ற பட்டியல் வந்தது. சக்கரத்தைச் சாதாரண முறையில் இறக்க முடியாது. முதன்மைப் பிரேக் இல்லை, ஓட்டோ பிரேக் இல்லை. மஞ்சளில் ஓடும் மாற்றுப் பிரேக் உண்டு, அதற்குச் சக்கரம் வழுக்காத ஏற்பாடும் உண்டு. எஞ்சினின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர் இடது எஞ்சினில் இல்லை, வலதில் உண்டு. ஒவ்வொரு இறக்கையின் மேலும் எழும்பி வேகத்தைக் குறைக்கும் ஐந்து ஸ்பொய்லர் பலகைகளில் இரண்டு எழும்பாது. மெதுவாகப் பறக்க இறக்கையின் முன்னும் பின்னும் விரியும் ஸ்லாட்டும் ஃப்ளாப்பும் அரை வேகத்தில் நகரும். முன் சக்கரத்தைத் திருப்ப முடியாது. பின்னர் வந்த விமானங்களில் முன் சக்கரத்தை மஞ்சளுக்கு மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் இருந்தது பழைய வகை.

நான் உடனே இறங்குவதற்கான கணக்கை எடுக்கப் போனேன். கப்டன் மறித்தார்.

"தம்பி, முதல்ல ஒண்டு சொல்லும். நாங்கள் எங்க நிக்கப் போறம்?"

எனக்கு விளங்கவில்லை. "கட்டுநாயக்காவிலதானே, சேர்?"

"கட்டுநாயக்காவில எங்க?"

அப்போதுதான் விளங்கியது. முன் சக்கரம் திரும்பாது. ஓடுபாதையிலிருந்து வளைந்து வெளியே போக முடியாது. ஓடுபாதையின் நடுவிலேயே நிற்கப் போகிறோம். கட்டுநாயக்காவில் ஓடுபாதை ஒன்றுதான். 3350 மீற்றர் நீளமான அந்த ஒன்றில் நாங்கள் நின்றால், எங்களை இழுத்து அகற்றும்வரை இலங்கையின் பிரதான விமான நிலையத்தில் எதுவும் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. எங்களுக்குப் பின்னால் வருபவர்களின் எரிபொருள் இப்போது எங்கள் கணக்கிலும் சேர்ந்துவிட்டது.

அன்றிரவு நான் கற்றதில் பெரியது இதுதான். கோளாறு தொடங்கிய இடத்திலிருந்து முன்னோக்கித்தான் என் மூளை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாக நிற்கப்போகும் இடத்திலிருந்து பின்னோக்கி வந்தார். நிற்கும் இடம் தெரிந்தால் யாருக்கு எப்போது சொல்லவேண்டும் என்பது தெரியும். அது தெரிந்தால் சக்கரத்தை எப்போது இறக்குவது என்பது தெரியும். திரை தரும் செக்லிஸ்டில் இந்தக் கேள்வி இல்லை. அதற்கு விமானத்தைத் தெரியும், விமான நிலையத்தைத் தெரியாது.

வேறு இடங்களையும் பார்த்தோம். சென்னைக்குத் திரும்புவது, திருவனந்தபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தல. மத்தலவில் ஓடுபாதை 3500 மீற்றர், நெரிசலும் இல்லை. அவர் சில நிமிடம் அதை உண்மையாகவே எடைபோட்டார். ஆனால் எங்கள் இன்ஜினியர்கள், உதிரிப்பாகங்கள், பழகிய இழுவை வண்டி எல்லாம் கட்டுநாயக்காவில்தான். அங்கே காற்றும் அமைதி, பகலில் பெய்த மழை காய்ந்துவிட்டது என்று கேட்டு உறுதிசெய்தோம். கொழும்பு என்று முடிவானது.

நான் 'பான் பான்' சொல்லி அழைத்தேன். 'மேடே'க்கு ஒரு படி கீழான அறிவிப்பு அது: அவசர நிலை, ஆனால் உடனடி உயிராபத்து இல்லை. அப்போது கப்டன் என்னிடம் ஒரு வசனத்தை எழுதித் தந்து அப்படியே வாசிக்கச் சொன்னார். இறங்கியதும் ஓடுபாதையில் நின்றுவிடுவோம், இழுவை வண்டி வேண்டும், எங்களுக்கு எரிபொருள் போதியளவு இருக்கிறது, முன்னே வரவேண்டியவர்களை முதலில் இறக்குங்கள், நாங்கள் காத்திருப்போம். மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு கட்டுப்பாட்டாளர் நன்றி சொன்ன குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. எங்களுக்கு முன்னால் மூன்று விமானங்களை இறக்கினார்கள். அதில் ஒன்று தூரத்திலிருந்து வந்தது, காத்திருக்க அதனிடம் எரிபொருள் அதிகம் இருக்கவில்லை. அரை மணித்தியாலம் முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் அந்த விமானம் எங்கள் வாலைப் பார்த்துக்கொண்டு வானத்தில் சுற்றியிருக்கும்.

காத்திருந்த நேரம் எங்களுக்கும் தேவைப்பட்டது. கேபின் பொறுப்பாளரை உள்ளே அழைத்து நான்கு விஷயங்கள் சொன்னோம்: என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, விசேடமாக என்ன கவனிக்கவேண்டும். அவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொன்னபோது, தப்புவதற்கான கதவுகளைத் திறக்க ஆயத்தமாகவேண்டும் என்று அவர் விளங்கியிருந்தது தெரியவந்தது. இல்லை, வழமையான இறக்கம், வழமையான இருக்கைகள், ஓடுபாதையில் நிற்போம், நாங்கள் சொல்லாமல் யாரும் எழும்பக் கூடாது என்று திருத்தினோம். திருப்பிச் சொல்லக் கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் தவறு விளக்கம் ஒரு காலை உடைத்திருக்கும். அவசரச் சறுக்கில் இறங்கும்போது காயப்படுவது சாதாரணமாக நடப்பது.

பயணிகளுக்கு அறிவித்தது கப்டன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டுத் தமிழில் அவர் சொன்னது எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது: "விமானத்தின் மூன்று எண்ணெய்த் தொகுதிகளில் ஒன்று நின்றுவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. சக்கரம் இறங்கும்போது வழக்கத்தைவிடக் காற்றுச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். இறங்கியதும் தீயணைப்பு வண்டிகள் எங்களுக்குப் பக்கத்தில் வரும். நெருப்பு இல்லை, அது அவர்களுடைய முறை. ஓடுபாதையிலேயே நிற்போம், உங்களைப் பஸ்ஸில் கூட்டிப் போவார்கள்." காதால் கேட்கப்போவதையும் கண்ணால் காணப்போவதையும் முன்னரே சொல்லிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று சிவப்பு விளக்குகளைக் காணும் ஒரு அம்மாவுக்கு, "எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்ற பொதுவான வசனம் எந்த உதவியும் செய்யாது. "நெருப்பு இல்லை" என்ற இரண்டு சொற்கள் செய்யும்.

இறங்கும் தூரத்தை நானும் அவரும் தனித்தனியே கணக்கிட்டு, பிறகு ஒப்பிட்டோம். போதும், மீதியும் உண்டு. அதன்பின் சக்கரம்.

இது கொஞ்சம் நின்று பேசவேண்டிய விஷயம். பச்சை இல்லாதபோது சக்கரத்தைப் புவியீர்ப்பால் விழவிடவேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள மேடையின் பின்பக்கத்தில் மடிந்து கிடக்கும் ஒரு கைப்பிடியை இழுத்து விரித்து, வலம் சுழியாக மூன்று சுற்றுச் சுற்றவேண்டும். கதவுகளின் பூட்டும் சக்கரங்களின் பூட்டும் விடும், சக்கரங்கள் தம் பாரத்தில் விழும். ஆனால் விழுந்ததைத் திரும்ப உள்ளே எடுக்க முடியாது. கதவுகளும் திறந்தபடியே தொங்கும். அதன்பின் ஏதாவது காரணத்தால் இறங்காமல் மேலே எழவேண்டி வந்தால், தொங்கும் சக்கரங்களோடுதான் பறக்கவேண்டும், எரிபொருள் வழக்கத்தைவிட மிக வேகமாக எரியும். அந்த நிலையில் மத்தலவுக்குப் போக எவ்வளவு வேண்டும் என்பதை, கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்தோம். முன்னால் போன மூன்றாவது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டது, இழுவை வண்டி ஆயத்தம், கேபின் ஆயத்தம் என்று மூன்றும் காதில் விழும்வரை கைப்பிடியை விரிக்கவில்லை. ஃப்ளாப் மெதுவாக வரும் என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே தொடங்கினோம்.

நீர்கொழும்புக்கு மேற்கே கடலுக்கு மேல் தெற்காகப் போய்த் திரும்பி, வேகத்தை 200 நொட்டுக்குக் கீழே கொண்டுவந்தார். நான் உடலைத் திருப்பிக் கையைப் பின்னால் நீட்டினேன். சிமுலேட்டரில் பல தரம் சுற்றியிருக்கிறேன். உண்மையான கைப்பிடி குளிர்ந்திருந்தது, எதிர்பார்த்ததைவிட இறுக்கம். முதல் சுற்றில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் எங்கோ ஒரு தட்டல். மூன்றாவதில் காலடி முழுக்கக் காற்று இரைந்தது. யாரோ லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டதுபோல. சக்கர லீவரைக் கீழே வைத்துவிட்டு, சக்கரம் பூட்டியதைக் காட்டும் விளக்குகளைப் பார்த்தேன். முன் சக்கரம் பச்சை. இடது பச்சை. வலது இன்னும் சிவப்பு. ஐந்தோ ஆறோ வினாடிகள்தான் இருக்கும். கப்டன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வலதும் பச்சையானது.

அதன்பின் பிரேக் மானியைப் பார்த்தேன். மஞ்சளின் சேமிப்புக் கலத்தில் அழுத்தம் முழுமையாக இருந்தது. மஞ்சளும் போனால்கூட அந்தச் சேமிப்பு குறைந்தது ஏழு தரம் பிரேக் பிடிக்கப் போதும். எனக்கு அப்போது அந்த ஏழு என்ற எண் பெரிய ஆறுதலாக இருந்தது.

களப்பின் மேலாக ஓடுபாதைக்கு இறங்கினோம். கீழே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். சக்கரம் தொட்டதும் வலது ரிவர்சர் மட்டும் திறந்ததால் மூக்கு வலப்பக்கம் இழுத்தது. அவர் இடது பெடலால் சுக்கானை அழுத்தி நேராகப் பிடித்தார். பிரேக்கை ஒரே சீராக, விடாமல், முரட்டுத்தனமில்லாமல் பிடித்தார். நான் வேகத்தையும் பிரேக் அழுத்தத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மையக் கோட்டிலேயே நின்றோம். இடது வலது பிரேக்கை மாறி மாறிப் பிடித்து வெளியே வளைந்து போகப் பார்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. நிற்கப்போகிறோம் என்று சொன்னோம், நின்றோம்.

தீயணைப்பினர் பிரேக்குகளைச் சுற்றிப் பார்த்தார்கள். சூடான பிரேக்கில் எண்ணெய் சொட்டினால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. இந்த எண்ணெய் இலகுவில் தீப்பிடிக்காத வகை, ஆனால் எரியவே எரியாதது அல்ல. இன்ஜினியர்கள் வந்து சக்கரங்களுக்குப் பூட்டு ஊசிகளைச் செருகியபின்தான் இழுவை வண்டியை மாட்டவிட்டார்கள். பயணிகள் இறங்கிப் போனபின் நானும் கீழே இறங்கி இடது சக்கரக் குழிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலெல்லாம் ஊதா நிறத்தில் பிசுபிசுத்த எண்ணெய், சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விரலை நீட்டினேன்.

"தம்பி, கை வைக்காதேங்கோ!" மூத்த இன்ஜினியர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கண்ணில பட்டா ராவு முழுக்க நித்திரை இல்லை. தோலும் எரியும்."

அவர் தன் கையுறையோடு வளைந்த குழாய் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். வெளியே பின்னியிருந்த கம்பிவலை ஒரு இடத்தில் தேய்ந்து, அதற்குள் தலைமயிர் அகலத்தில் ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. 3000 பி.எஸ்.ஐ.க்கு அவ்வளவு போதும். ஒரு தொட்டியே சில நிமிடத்தில் அதற்குள்ளால் போய்விட்டது. பறக்கப்போகுமுன் சுற்றிப் பார்க்கும்போது ஊதாக் கறை எதையும் நான் காணவில்லை. இப்போது சுற்றிப் பார்க்கும்போது சக்கரக் குழிக்குள் தலையை விட்டு ரோர்ச் அடிக்காமல் நான் வருவதில்லை.

இரத்மலானையில் பறக்கப் பழகும் பிள்ளைகள் சிலர் வார இறுதியில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இந்தக் கதையைக் கேட்டவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: மூன்றும் போனால்? போயிருக்கிறது. 1985 ஓகஸ்ட் 12 அன்று ஜப்பானில் ஒரு 747 இன் பின்பக்க அழுத்தச் சுவர் உடைந்து எல்லா ஹைட்ரோலிக்கும் போனது. 520 பேர் இறந்தார்கள், நான்கு பேர் தப்பினார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் ஒரு டிசி-10 இன் வால் எஞ்சின் விசிறித்தட்டு சிதறி மூன்று வட்டங்களையும் அறுத்தது. கப்டன் அல் ஹெய்ன்சும் அவருடன் இருந்தவர்களும், பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் விமானி டெனி ஃபிட்சும், இரண்டு எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து அதைச் சியூ சிற்றி வரை கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதன்பின் அந்த வகை விமானங்களில், குழாய் அறுந்தால் எண்ணெய் முழுவதும் போகாமல் அடைக்கும் வால்வைப் பொருத்தினார்கள். இதைச் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. ஃபிட்ச் பயணியாக வந்தவர். அவர் உதவ முன்வந்ததும் கொக்பிட்டுக்குள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். எங்களுக்கும் கட்டுப்பாட்டாளர், இன்ஜினியர், கேபின் பொறுப்பாளர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரத்தோடு சொன்னால் அவர்கள் வேலையைச் செய்வார்கள்.

பிள்ளைகளுக்கு நான் வீட்டுப்பாடமும் கொடுப்பேன். தங்களுக்குத் தெரிந்த ஒரு விமான நிலையத்தை எடுத்து, முன் சக்கரம் திரும்பாவிட்டால் எங்கே நிற்பீர்கள், யார் வந்து இழுப்பார்கள், பின்னால் வருபவர் எங்கே போவார் என்று ஒரு தாளில் எழுதி வரவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பலாலியை எழுதிக்கொண்டு வந்து, "அண்ணை, இந்த ஓடுபாதைக்கு ஏ320 வராதே" என்றது. வராது. ஆனால் பலாலிக்கு வரும் சிறிய விமானத்திலும் ஹைட்ரோலிக் இருக்கிறது, அதே கேள்வியும் இருக்கிறது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று ஓடுபாதை அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலாக மூடிக் கிடந்தது. விமானங்கள் நிற்கும் ஏப்ரனுக்கு இழுத்து வந்தபின் கப்டன் முதலில் செய்தது டவருக்குத் தொலைபேசி எடுத்தது. எத்தனை பேர் காத்திருந்தார்கள், எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். இரண்டு விமானம், இரண்டும் இறங்கிவிட்டன என்றார்கள். அதைக் கேட்டபின்தான் அவர் தொப்பியை எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.